தீர்த்தம் தண்ணீர்க் கணக்கில் வராது

இந்த ஊர் மருத்துவமனைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுவார்கள்: பௌர்ணமியன்று லீவு கிடைக்குமா? கேட்பதில் தப்பில்லை. அன்றைக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆட்டோக்காரர்கள் நம் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் சேர்ந்த புதிதில் கேட்டேன். எங்கள் தலைமை மருத்துவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அன்னிக்குத்தாம்மா நமக்குக் கூட்டம் ஜாஸ்தி. லீவு வேணும்னா அமாவாசைக்கு எடுத்துக்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி கும்பிட வருகிற கூட்டத்துக்கும் எங்கள் பிரிவுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பிரிவு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கிற இடம். மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்குப் போகிற வழியில் இருந்தது. அங்கே தெரியாமல் வழி தவறி வந்தவர்கள்கூட எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வேகமாக நடப்பார்கள்.

இப்போது வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு, மாடியில் துணி காயப்போட்டபடி மலையைப் பார்க்கிற கிழவி ஆகிவிட்டேன். போன மாதம் உங்களில் ஒரு பெண் வந்து, "மேடம், புதுசா சேர்ற எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டது. எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகப் பேசும், அதற்கு மறதியும் கிடையாது. கையேட்டில் இல்லாத ஒரு கதையை மட்டும் நான் சொல்கிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் டீ குடிக்கும்போது படியுங்கள்.

அந்தப் பழைய இடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓட்டுக்கூரை போட்ட ஒரே நீள அறை. நடுவில் பச்சைத் துணித் திரை. காற்றாடி சுற்றுகிற சத்தத்தில் நோயாளி சொல்வது பாதிதான் காதில் விழும். வாசலில் ஒரு புங்கமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்ச். சித்திரை மாதத்தில் பெஞ்ச் முழுக்கப் புங்கம்பூ உதிர்ந்து கிடக்கும், அதைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இப்போதைய புதுக் கட்டடத்தில் ஏசி இருக்கிறது, டோக்கன் எந்திரம் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் எனக்கு அந்தப் பெஞ்சின் மேல்தான் ஆசை.

பௌர்ணமிக் கூட்டத்தின் ரகசியம் இதுதான். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் வீட்டில் உண்மையைச் சொல்லாதவர்கள். மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க வரவேண்டும். கையில் காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, மாதாமாதம் எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்பார்களே? அதற்கு இந்த ஊரே ஒரு பதிலை வைத்திருந்தது. "கிரிவலத்துக்குப் போறேன்" என்றால் எவரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். வேண்டுதல் என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பியே வைப்பார்கள். லட்சம் பேர் நடக்கிற ஊரில் ஒரு ஆள் நடுவில் விலகி மருத்துவமனைப் பின்வாசலில் நுழைந்தால் யாருக்குத் தெரியும்? மாத்திரை டப்பாவும் ஏறக்குறைய ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை வரும். அண்ணாமலையாரே எங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் பௌர்ணமி வந்தால் அன்றைக்கும் கதவைத் திறந்து வைப்போம்.

மேகலா அப்படி வந்தவள்தான். பெயர் நான் வைத்தது. ஊர் போளூர் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கணவன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை என்று ஊர் நம்பியது. அது இல்லை என்பது மேகலாவுக்குப் பிறகு தெரிந்தது, தன் ரத்தத்தைப் பரிசோதித்த அன்று. பெண் குழந்தைக்கு நோய் இல்லை, அந்த மட்டில் கடவுள் கண் திறந்தார். மேகலாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மாமியார் வீடுதான் வீடு. மாமியார் அவளை மருமகளாக நடத்தாமல் மகளாக நடத்தினார். அதுதான் அவளுடைய பயத்தையே பெரிதாக்கியது. "தெரிஞ்சா அவங்களும் என்ன பண்ணுவாங்க டாக்டரம்மா? ஊரு வாய மூட முடியுமா? நானும் கொழந்தையும் தெருவுலதான் நிக்கணும்" என்பாள்.

குழந்தைக்காக வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். வந்ததற்கு நிஜமாகவே நடக்கவும் நடப்பாள். செருப்பு இல்லாமல் மலையை முழுதாகச் சுற்றிவிட்டு, கால் முழுக்கப் புழுதியோடு எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவாள். "எதுக்கும்மா உடம்பக் கெடுத்துக்கற? நேரா இங்க வந்துட்டுப் போயேன்" என்று ஒரு தடவை கேட்டேன். "பாதியாச்சும் நெஜமா இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள்.

கூட்டு மருந்து ஆரம்பித்த இரண்டாம் மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை, தண்ணீராகப் போனது. ஆய்வகத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளாகத் தெரிந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. பெயர்தான் நீளம், ஆள் பொடியன். மாடு இறங்குகிற குளத்திலும் மனிதக் கழிவு கலக்கிற தண்ணீரிலும் இருப்பான். பிளீச்சிங் பவுடருக்குப் பயப்பட மாட்டான், கொதிக்கிற தண்ணீர் ஒன்றுக்குத்தான் பயம். உங்கள் வயிற்றுக்குள்ளோ என் வயிற்றுக்குள்ளோ போனால் சில நாள் கலக்கிவிட்டுத் தானாகப் போய்விடுவான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வயிறு என்றால் வாடகை இல்லாத வீடு கிடைத்த மாதிரி குடியேறிவிடுவான். அவனைக் காலி செய்ய நம்பகமான மருந்து அன்றைக்கும் நம் கையில் இல்லை. கூட்டு மருந்து உடம்பில் வேலை செய்து, எதிர்ப்புச் சக்தி ஏறினால் உடம்பே அவனைத் துரத்தும். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். புதுத் தொற்று உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

தலைமை மருத்துவர் அந்தச் சமயத்தில் ஓய்வு பெறப் போகிறவர். வேலூர்க்காரர். எதையும் சுருக்கமாகத்தான் சொல்வார், நல்ல வார்த்தை சொன்னால்கூடத் திட்டுகிற மாதிரி இருக்கும். வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் சோறு பற்றிக் கேட்க மாட்டார். "தண்ணியக் கேளு. சோத்துல பொய் சொல்வாங்க, தண்ணியில சொல்ல மாட்டாங்க" என்பார். நானும் மேகலாவிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, வந்த ஒவ்வொரு தடவையும்.

"தண்ணி காய்ச்சிக் குடிக்கிறியா?"

"காய்ச்சித்தான் குடிக்கிறேன் டாக்டரம்மா. வெறகு கம்மியா இருந்தாகூடத் தண்ணி காய்ச்சறத விடல."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரத்தில் வயிறு கொஞ்சம் கட்டும். முகத்தில் களை வரும். அடுத்த பௌர்ணமிக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள். போன ஒரு வாரத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிடும். இப்படியே மூன்று பௌர்ணமி போயிற்று. தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. இதற்குள் தலைமை மருத்துவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துணைக்குச் சென்னையிலிருந்து ஒரு தம்பியை அனுப்பியிருந்தார்கள். படிப்பில் புலி, பொறுமையில் எலி. நல்ல பையன்தான், இன்றைக்குப் பெரிய இடத்தில் இருக்கிறான், இதைப் படித்தால் சிரிப்பான்.

நாலாவது பௌர்ணமியன்று மேகலா வந்தாள். பெஞ்சில் உட்காராமல் நேராக உள்ளே வந்து, ஏறக்குறைய காலியான மாத்திரை டப்பாவை என் மேஜையில் வைத்தாள்.

"எனக்கு இது வேணாம் டாக்டரம்மா. நிறுத்திடறேன்."

"ஏம்மா?"

"புது டப்பாவத் தொறந்தா வயிறு கழியுது. நானும் எண்ணி எண்ணிப் பாத்துட்டேன். இங்க வந்துட்டுப் போனா ஒரு வாரத்துல புடிச்சுக்குது. டப்பா முடியற சமயத்துல நல்லா இருக்கேன். மறுபடி இங்க வந்தா மறுபடி புடிக்குது. அப்போ இதானே காரணம்?" சொல்லும்போதே உடைந்து அழுதாள். "பக்கத்து வீட்டுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. இவ புருஷனும் இப்டித்தான் எளச்சு எளச்சுப் போனான்னு. அத்தை காதுல விழற மாதிரியே பேசறாங்க."

அவள் கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது. எந்த மாத்திரையால் அவளைக் காப்பாற்ற முடியுமோ அதையே குற்றவாளி என்று பிடித்து என் மேஜையில் வைத்துவிட்டாள். நிறுத்தினால் அந்தப் பொடியன் அவளை விட மாட்டான். இளைக்க இளைக்க ஊர் வாயும் பெரிதாகும். உயிரும் போகும், ரகசியமும் போகும், குழந்தை நடுத்தெருவில் நிற்கும்.

சென்னைத் தம்பி பேனாவைத் திறந்துவிட்டான். "மேடம், ரெண்டே சான்ஸ்தான். மாத்திரைய ஒழுங்கா சாப்பிடல, இல்ல மாத்திரை ஒத்துக்கல. எதுவா இருந்தாலும் மாத்திடலாம். எழுதட்டுமா?" என்றான். வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நாங்கள் வைத்திருந்த மாத்திரை வகைகள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஒன்றை வீணாக மாற்றிவிட்டால் பின்னால் நிஜமாகத் தேவைப்படும்போது கொடுக்க எதுவும் இருக்காது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் எதிரில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கும்போது ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். உங்களுக்கும் பரபரக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

தலைமை மருத்துவர் போகிற அன்று சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. "அழுவற அன்னிக்கு மாத்திரைய மாத்தாத. அழுது முடிக்கட்டும், அப்புறம் கேளு."

"பேனாவ மூடு தம்பி" என்றேன். கூட்டத்தை அவனிடம் விட்டுவிட்டு மேகலாவைக் கூட்டிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் அவன் கூட்டத்தைப் பார்த்திருப்பான். நான் எதுவும் கேட்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்துவிட்டு, முகம் துடைக்க அவள் பையைத் திறந்து துண்டை எடுத்தாள். பைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் லேசான பச்சையாக இருந்தது.

"என்னம்மா இது, பாசித் தண்ணி? இதையா குடிக்கிற?"

"ஐயோ, இது தண்ணி இல்ல டாக்டரம்மா. தீர்த்தம்."

எனக்கு மண்டையில் யாரோ குட்டினது போல இருந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். விரதம் இருக்கிற நம் வீட்டுப் பெண்களிடம் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், இரண்டு தம்ளர் காபியை உள்ளே தள்ளிவிட்டு, "பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல" என்பார்கள். பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. காபி சாப்பாட்டில் சேராது. அதே மாதிரி தீர்த்தம் தண்ணீரில் சேராது. நான் மாதாமாதம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன், அவள் மாதாமாதம் தண்ணீரைப் பற்றி உண்மையையே சொன்னாள். தீர்த்தத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

மெதுவாகக் கேட்டேன். கதை முழுதாக வந்தது. மாமியாருக்கு முட்டி வலி, இப்போதெல்லாம் நடக்க முடியாது. மருமகள் சுற்றிவிட்டு வரும்போது கிரிவலப் பாதையோரத்துக் குளம் ஒன்றில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். எந்தக் குளம் என்று நான் சொல்லப் போவதில்லை, குளத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் விளக்கேற்றி, பாட்டிலை வாங்கி, முதல் கை தீர்த்தத்தை மேகலாவுக்குத்தான் ஊற்றுவார். "சுத்திட்டு வந்தவ நீ. புண்ணியம் மொதல்ல உனக்குத்தான்" என்று சொல்லி ஊற்றுவார். பாட்டில் தீரும்வரை தினமும் விளக்கேற்றும்போது ஒரு கை. பிறகுதான் குழந்தைக்குக் கொடுத்துத் தானும் குடிப்பார். கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கு என்றைக்காவது லேசாக வயிறு வலித்ததோடு சரி. மேகலாவுக்கு மட்டும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு வாரம் கழித்துப் பிடித்தது. அவள் கணக்கு சரி. பையில் மாத்திரைக்குப் பக்கத்திலேயே பயணம் செய்த இன்னொரு பாட்டிலை அவள் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

"இனிமே இத நீ குடிக்காத" என்றேன்.

"அத்தை கையால ஊத்தறாங்களே. எப்படித் துப்பறது?"

"சரி, இத இங்கயே கொட்டிடலாம். எங்க குழாய்த் தண்ணியக் காய்ச்சிப் பாட்டில்ல ஊத்தித் தரேன். எடுத்துட்டுப் போ. யாருக்குத் தெரியும்?"

மேகலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோயாளி டாக்டரை அப்படிப் பார்க்கிறது அபூர்வம். "ஏற்கெனவே ஒரு பொய்க்குள்ளதான் டாக்டரம்மா நான் குடியிருக்கேன். தீர்த்தத்துலயும் பொய் சொன்னா அந்த மலை என்னப் பொறுக்குமா? அவங்க சாமின்னு நெனச்சுக் குடிக்கறாங்க" என்றாள். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உயிர் போகிற இடத்தில் இதென்ன பிடிவாதம் என்று தோன்றியது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் அவள் காலைப் பார்த்தேன். பாதம் வெடித்து, புழுதி அப்பி, பெருவிரல் நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பாதியாவது நிஜமாக இருக்கட்டும் என்று சுற்றி வந்த கால். அந்த மிச்சப் பாதியையும் பிடுங்கிக்கொள்ள நான் யார்? பிடுங்கினால் அவள் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவாள்.

தலையைத் தூக்கினேன். ஓட்டுக்கூரைக்கு மேலே மலை தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான்.

"ஏம்மா, நம்ம சாமி யாரு?" என்றேன்.

"அண்ணாமலையாரு."

"அவரு இங்க என்னவா இருக்காரு?"

"நெருப்பா." சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியைத் தன்னிடம் கேட்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நெருப்பே சாமியா இருக்கற ஊர்ல, தீர்த்தத்த நெருப்புல வச்சா தீர்த்தம் கெட்டுடுமா? இந்தத் தண்ணியையே காய்ச்சுவோம். கொட்ட வேணாம், மாத்த வேணாம்."

நான் சொன்னது சாத்திரமா, இல்லை என் சௌகரியமா என்று எடை போட்டாளோ என்னவோ. பிறகு முகம் மெல்ல விரிந்தது. இத்தனை மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "டாக்டரம்மா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றாள்.

நாங்கள் டீ போடுகிற எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்று திரைக்குப் பின்னால் இருந்தது. தீர்த்தத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவிட்டு, தூக்குவாளியில் ஊற்றி ஆறவைத்து, பாட்டிலையும் வெந்நீரில் அலசி நிரப்பிக் கொடுத்தேன். சென்னைத் தம்பி வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வீட்டில் மிச்சம் இருக்கிற பழைய தீர்த்தத்தைச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். மாத்திரை அதேதான், மாற்றவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் வயிறு கட்டியது. அதற்கடுத்த பௌர்ணமியில் வளையல் மணிக்கட்டிலேயே நின்றது.

அதன் பிறகு எங்கள் பிரிவே மாறிப்போயிற்று. மேகலா பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல, அவர்களும் பாட்டிலோடு வர ஆரம்பித்தார்கள். அவரவர் தீர்த்தம் அவரவருக்கே போய்ச் சேர, பாட்டில் கழுத்தில் கலர் கலராகக் கயிறு. பௌர்ணமியன்று எங்கள் அறை முழுக்கக் கொதிக்கிற குளத்து வாசனையாக இருக்கும். டீ கேட்டால் நர்ஸம்மா, "சாமிக்கு அப்புறம்தான் டாக்டருக்கு" என்பார். எங்கள் டீயில் பல மாதம் பாசி மணத்தது. இப்போது நினைத்தால் அந்த டீக்கு ஏங்குகிறது நாக்கு.

ஒரு பௌர்ணமி மதியம். கூட்டம் குறைந்திருந்தது. வாசலில் ஒரு வயதான அம்மா, கையில் கம்பு, இன்னொரு கையில் மஞ்சள் கயிறு கட்டிய அந்தப் பாட்டில். பின்னால் மேகலா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. யார் வந்திருப்பது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தீர்த்தத்தக் காய்ச்சச் சொன்ன டாக்டரு நீதானாம்மா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

உட்காரவில்லை. "கொஞ்ச நாளா தீர்த்தத்துல பாசி வாசன இல்ல. இன்னாடி இதுன்னேன். காய்ச்சினதுன்னா. யாரு காய்ச்சச் சொன்னதுன்னேன். டாக்டரம்மான்னு வாய் தவறிச் சொல்லிட்டா. மலையச் சுத்தப் போறவளுக்கு டாக்டரம்மா எங்கேர்ந்து வந்தாங்கன்னு நானும் யோசிச்சேன்."

உங்களுக்குப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: ஒருவருடைய நோயை அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. சரி. ஆனால் வாசலில் இருக்கிற பெயர்ப்பலகைக்கு வாய் இருக்கிறதே, அதை எப்படி மூடுவது? கிரிவலப் பாதையில் முகாம் போட்டிருந்தோம், அங்கே பார்த்தேன் என்று ஒரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பொய். மேகலா காலம் முழுக்க அதற்குள்ளும் குடியிருக்க வேண்டும்.

அதற்குள் அந்த அம்மா கையைத் தூக்கினார். "நீ ஒண்ணும் சொல்லாத. இது இன்னா எடம்னு எனக்குப் படிக்கத் தெரியாது, கேட்டுக்கத் தெரியும். வழியில ரெண்டு பேரக் கேட்டேன். நான் வந்தது வேற விஷயம்." பாட்டிலை மேஜையில் வைத்தார். "எம்புள்ள படுத்திருந்தான். அவனுக்கும் இப்டித்தான் தண்ணித் தண்ணியாப் போச்சு. அப்ப எனக்கு முட்டி நல்லா இருந்துச்சு. நானே சுத்திட்டு, நானே இதே கொளத்துத் தண்ணியப் புடிச்சாந்து, மூடி மூடியா அவன் வாயில ஊத்தினேன். குடிடா, நல்லாப் பூடும்னு ஊத்தினேன். காய்ச்சணும்னு யாரும் சொல்லல. நாந்தான் எம்புள்ளயக் கொன்னுட்டனா டாக்டரு?"

சென்னைத் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எத்தனையோ அவசரங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு முன்னால் நின்ற மாதிரி எங்கேயும் நின்றதில்லை. அவர் மகனை நான் பார்த்ததே இல்லை. அந்தத் தண்ணீர் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செய்திருக்கலாம். ஆனால் கூட்டு மருந்து கிடைக்காத அந்த உடம்பை எந்தக் காய்ச்சின தண்ணீரும் காப்பாற்றியிருக்காது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க மகன நான் பாக்கலம்மா. பாக்காதவங்களப் பத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா ஒண்ணு தெரியும். இப்படி வர்றவங்களுக்கு வைத்தியம் நேரத்துக்குப் போய்ச் சேரணும். சேந்தா பொழைக்கறாங்க. சேரலன்னா, தாயி பால ஊத்தினாலும் சரி, தண்ணிய ஊத்தினாலும் சரி, நிக்கறதில்ல. உங்க கை அவரக் கொல்லலம்மா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேனா, தெரிந்து சொல்கிறேனா என்று தேடினார் போல. பிறகு மெதுவாகத் திரும்பி மேகலாவைப் பார்த்தார். கேள்வி மட்டும் என்னிடம்தான் வந்தது.

"இவளுக்கு நேரத்துக்குச் சேந்துடுச்சா?"

அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. மேகலாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சொல்லாமலேயே போய்விடுவாளோ என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. இவ்வளவு நாள் கட்டிக் காத்தது எல்லாம் அவள் நாக்கில் நின்றது.

"சேந்துடுச்சு அத்தை" என்றாள்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப காய்ச்சு" என்றார்.

கெட்டில் கொதித்து அடங்கியது. தூக்கில் ஊற்றியதும், ஆறட்டும் என்று சொன்னேன். அவருக்குப் பொறுமை இல்லை. விளக்கு இல்லாத இடத்தில், எங்கள் மருந்து மேஜைக்கு முன்னால், ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தூக்கை எடுத்தார். மேகலா வழக்கம்போலக் கையை ஏந்தினாள். முதல் கை அவளுக்குத்தான். அடுத்ததாக என் பக்கம் திரும்பினார்.

"நீயும் கை நீட்டு" என்றார்.

நீட்டினேன். இன்னும் சூடு முழுதாக ஆறியிருக்கவில்லை.